முன்பாரம், பின்பாரம்: காவிரிப் படுகையின் நெம்புகோல்கள் வேலை செய்யும் விதம்

நெல் மூட்டை ஏற்றிய வண்டியில் மாடு பூட்டுவதற்கு முன் என் தாத்தா நுகத்தடியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனத்தால் தலையை ஆட்டிவிட்டு மாட்டை ஓட்டி வரச் சொல்வார். அதிகம் கனத்தால் "முன்பாரம்" என்பார். தூக்கும் முன்பே நுகத்தடி தானாக மேலே எழுந்தால் "பின்பாரம்" என்பார். உடனே இரண்டு மூட்டைகள் இடம் மாறும். அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் அந்த ஒரு தூக்கலில் நெம்புகோலின் இலக்கணம் முழுவதும் இருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

இரண்டு சக்கர வண்டி என்பது, சக்கரங்களைக் கோக்கும் இருசின் மேல் நிற்கும் ஒரு தராசு. இருசுதான் ஆதாரப்புள்ளி. அதற்கு முன்னால் இருக்கும் மூட்டை நுகத்தடியைக் கீழே அழுத்தும். பின்னால் இருக்கும் மூட்டை அதை மேலே தூக்கும். அறுபது கிலோ மூட்டை பதினைந்து ஏற்றினால் 900 கிலோ. அந்த மொத்தப் பாரத்தின் நடுப்புள்ளி இருசுக்கு அரை அடி முன்னால் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருசிலிருந்து நுகத்தடி ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. 900 கிலோவை அரை அடியால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 50 கிலோ. மாடு ஒன்றின் கழுத்துக்கு 25 கிலோ. அதே பாரம் ஒன்றரை அடி முன்னால் சரிந்துவிட்டால் கழுத்துக்கு 75 கிலோ ஆகிவிடும். வண்டியில் ஒரு மூட்டைகூடக் கூடவில்லை. மாட்டின் வேதனை மூன்று மடங்கு ஆகிவிட்டது. பின்பாரம் இதைவிடக் கொடியது. நுகத்தடி எழும்பினால் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு மூச்சுக்குத் திணறும்.

பளுவைத் தூரத்தால் பெருக்க வேண்டும் என்பதுதான் இங்கே உள்ள ஒரே விதி. பாடப்புத்தகம் அதைத் திருப்புத்திறன் என்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இதைக் கணிதமாக நிறுவிக் காட்டினார். ஆனால் விதியை அறிந்துகொண்டால் மட்டும் நெம்புகோல் புரிந்துவிடாது. "நெம்புகோல் நம் பலத்தைப் பெருக்கித் தருகிறது" என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அந்தச் சொல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எந்த நெம்புகோலும் உழைப்பைக் கூட்டித் தருவதில்லை. விசையில் கிடைத்த லாபத்தைத் தூரத்தில் கணக்குத் தீர்த்துவிடும். அது உண்மையில் செய்வது, நம்மிடம் இருக்கும் பலத்தை நமக்கு வசதியான இடத்தில், வசதியான திசையில், வசதியான வேகத்தில் செலவழிக்க விடுவது. டெல்டாவில் வழக்கத்தில் இருந்த, இன்றும் இருக்கிற சில பொறிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் இது தெளிவாகும்.

தேரை எடுத்துக்கொள்வோம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை முந்நூறு டன்னை ஒட்டி வரும் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தேரை இழுப்பது ஒரு வேலை. நின்ற தேரைக் கிளப்புவது வேறு வேலை. சக்கரம் நின்ற இடத்தில் தரையை அழுத்திச் சிறு பள்ளம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடும். வடத்தை எத்தனை பேர் இழுத்தாலும் முதல் அசைவு வருவது பின்னால் இருந்துதான். பின் சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து, அதன் கீழே ஒரு கட்டையை அண்டை வைத்து, மரத்தின் மறுமுனையில் ஆட்கள் ஏறி மிதிப்பது பல ஊர்களில் உள்ள பழைய வழக்கம். பன்னிரண்டு அடி மரத்தில் அண்டைக் கட்டை சக்கரத்திலிருந்து அரை அடியில் இருந்தால், ஆட்கள் பக்கம் பதினொன்றரை அடி; இருபத்து மூன்று மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஐந்து பேர் ஏறினால் முனையில் 250 கிலோ, சக்கரத்தின் அடியில் ஏறத்தாழ 5,750 கிலோ. இதற்கு விலை உண்டு. ஆட்கள் ஓர் அடி கீழே இறங்கினால் சக்கரம் அரை அங்குலம்தான் எழும்பும். ஆனால் பள்ளத்தின் விளிம்பைத் தாண்ட அந்த அரை அங்குலமே போதும். இப்போது திருவாரூரில் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் தேர் வீதி திரும்புவதில்லை.

முட்டுக்கட்டையைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிறுத்துவதற்கு மட்டும் ஆனதல்ல. ஒருபுறம் சரிவாகச் செதுக்கிய கட்டை. சாய்தளத்தின் குட்டி வடிவம். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் சற்றுக் கோணலாக அதைச் செருகினால் சக்கரம் அந்தச் சரிவில் உரசி ஒதுங்கும். ஒரு பக்கச் சக்கரம் தயங்க, மறுபக்கச் சக்கரம் முன்னேற, தேர் மெல்ல முகம் திருப்பும். ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அந்தக் கட்டைதான் ஸ்டியரிங். அதை வைக்கிறவரின் கை, சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். வைத்த நொடியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காரியத்தைத் தடுக்கிறவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று வசைபோலச் சொல்லிப் பழகிவிட்டோம். தேரைச் சேதமில்லாமல் நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற ஆளுக்கு அந்தச் சொல் நியாயம் செய்யவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏற்றத்துக்கு வருவோம். ஆற்றுப் பாசன வயலுக்கு ஏற்றம் தேவைப்படவில்லை. தண்ணீர் தானே பள்ளம் பார்த்துப் பாய்ந்தது. வாய்க்காலைவிட வயல் ஒரு முழம் மேடாக இருந்தால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இறைகூடையை வீசி இறைத்துவிடுவார்கள். கொடிக்காலுக்கும் தோட்டத்துக்கும் கிணற்று நீர் வேண்டியிருந்தது. அங்கேதான் ஏற்றம் இருந்தது. இரண்டு ஏற்றக்கால்கள், அவற்றின் மேல் அச்சு, அச்சின் மேல் நீண்ட துலா. துலாவின் ஒரு முனையிலிருந்து கழி தொங்கும். கழியின் நுனியில் தண்ணீர் மொள்ளும் சால். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார்.

துலா என்ற சொல்லுக்குத் தராசு என்றும் பொருள். சூரியன் துலா ராசியில் இருக்கும் ஐப்பசி மாதத்தைத் துலா மாதம் என்கிறோம். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் அந்த மாதம் முழுக்கக் காவிரியில் நீராடுகிறார்கள். கிணற்று மேட்டில் ஆடிய மரத்துக்கும் வானத்து ராசிக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் இரண்டிலும் தராசைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர் நிறைந்த சால் 40 கிலோ, அச்சிலிருந்து எட்டு அடியில் தொங்குகிறது என்று கொள்வோம். துலாவின் மேல் நடப்பவர் 55 கிலோ. அவர் அச்சைத் தாண்டி மறுபுறம் நடக்க நடக்க அவருடைய திருப்புத்திறன் ஏறிக்கொண்டே போகும். ஆறடியைத் தொடும்போது தராசு சமமாகி, அடுத்த அடியில் சால் எழும்பும். இங்கே விசைப் பெருக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சாலைவிட ஆள்தான் கனம். அப்படியானால் ஏற்றம் என்ன கொடுத்தது? கையால் கயிற்றை இழுத்து நாற்பது கிலோவை ஒருமுறை தூக்கலாம், பத்துமுறை தூக்கலாம். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை நூற்றுக்கணக்கான முறை தூக்கத் தோள் தாங்காது. ஏற்றம் அந்த வேலையைத் தோளிலிருந்து எடுத்துக் காலிடம் கொடுத்துவிட்டது. நடப்பவர் தம் பக்கம் துலா தாழ்ந்ததும் சரிவில் ஏறி அச்சை நோக்கி வருகிறார். அப்படி ஏறும்போது தம் உடம்பையே உயரத்துக்குத் தூக்கி வைக்கிறார். பிறகு அந்த உடம்பு இறங்குகிறது, சால் ஏறுகிறது. ஒவ்வொரு சாலுக்கும் அவர் ஒரு சிறு படிக்கட்டு ஏறி இறங்குகிறார். மனித உடம்பில் பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன. நாள் முழுவதும் நடக்கிற கால் இதையும் நடந்துவிடும்.

கிணற்று ஓரத்தில் இன்னொருவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். துலாவில் நடப்பவர் எத்தனை அடி வைப்பார், எப்போது திரும்புவார் என்பது இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஏற்றப்பாட்டு. சால்களை எண்ணுவதற்கும் இரண்டு உடம்புகளையும் ஒரே தாளத்தில் கட்டிவைப்பதற்கும் அது பயன்பட்டது. பொறியின் ஓர் உறுப்பு என்றே அதைச் சொல்லலாம். மின் மோட்டார் வந்தபிறகு துலா விறகாகிவிட்டது. அந்த வேலை திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வழுக்கி விழுந்தால் கிணறுதான். ஆனால் ஏற்றத்தைக் "கஷ்டமான பழைய முறை" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துபோவது அதைக் கண்டுபிடித்தவர்களின் அறிவுக்குச் செய்யும் குறை.

நெம்புகோலுக்கு ஒரு பலவீனம் உண்டு. கையை விட்டால் பளு திரும்பி விழுந்துவிடும். ஆற்று மதகுக்கு அது உதவாது. மேட்டூர் அணை 1934-இல் வந்ததிலிருந்து ஜூன் 12 என்பது டெல்டாவில் ஒரு நல்ல நாள்போல. அன்று திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அதற்குக் கீழே எத்தனையோ ரெகுலேட்டர்கள், எத்தனையோ மதகுகள். ஷட்டரை நாலு அங்குலம் தூக்கினால் நாலு அங்குலத்திலேயே நாள்கணக்கில் நிற்க வேண்டும். அதனால் அங்கே திருகு.

திருகு என்பது தூணைச் சுற்றிச் சுருட்டி வைத்த சாய்தளம். ஐந்தடி அகலமுள்ள ஒரு ஷட்டரை ஆறரை அடி ஆழத் தண்ணீர் அழுத்தினால் அந்த அழுத்தம் ஏறத்தாழ மூன்று டன். ஷட்டர் அந்த அழுத்தத்தோடு பள்ளத்தில் உரசிக்கொண்டு எழும்ப வேண்டும்; உராய்வே ஒரு டன்னுக்கு மேல் பிடித்து இழுக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறும் திருகை, 40 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியால் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், கை இரண்டரை மீட்டர் பயணம் செய்யும்போது ஷட்டர் ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது. கணக்குப்படி 250 மடங்கு. ஆனால் மரைக்குள் நடக்கும் உராய்வு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் ஐம்பது மடங்கு. அப்போதும், உராய்வும் ஷட்டரின் சொந்த எடையும் சேர்ந்து ஒன்றரை டன் என்று வைத்தால், முப்பது கிலோ விசை போதும். அது, மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரின் இரண்டு கைக்கு அடங்கும். ஒரு மீட்டர் தூக்க அவர் நூறு சுற்றுச் சுற்ற வேண்டும்.

நல்ல பங்கைத் தின்றுவிட்டதே என்று உராய்வைக் குறை சொல்லத் தோன்றும். கைப்பிடியை விட்ட பிறகு ஷட்டர் சரிந்து இறங்காமல் நிற்பது அதே உராய்வால்தான். மரையின் சரிவு மிகக் குறைவு. பளு எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுழல முடியாது. நடு இரவில் யாரும் காவல் இல்லாத மதகில் தண்ணீரை அளவோடு நிறுத்தி வைப்பது அந்த உராய்வு. ஆகவே திருகுக்குக் கிரீஸ் வைக்காமல் துருப்பிடிக்க விட்டால் லஸ்கருக்கு மட்டும் கஷ்டமில்லை, கடைமடைக்கும் கஷ்டம். சுற்ற முடியாத ஷட்டர் திறந்தது திறந்தபடி, மூடியது மூடியபடி கிடக்கும். தண்ணீர் வந்துசேரவில்லை என்று கடைமடையில் நடக்கும் சண்டைக்குப் பின்னால் சில சமயம் ஒரு துருப்பிடித்த மரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை பார்த்தவை விசைக்காக ஏற்பட்டவை. பொறிகளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஒருவகை அசைவை இன்னொருவகை அசைவாக மாற்றுவது. அதற்குத் தெருமுனையில் இருக்கும் கைபம்பே போதும். இந்தியா மார்க் 2 என்ற பெயரில் 1970-களில் யுனிசெஃப் ஒத்துழைப்போடு உருவாகி நாடெங்கும் பரவிய பம்பு அது. நீண்ட கைப்பிடி எட்டுக்கு ஒன்று என்ற நெம்புகோல். ஆனால் அதன் அழகு கைப்பிடியில் இல்லை, மூடியைக் கழற்றினால் தெரியும் தலைப்பகுதியில் இருக்கிறது. கைப்பிடி அச்சைச் சுற்றி ஆடுவதால் அதன் முனை வளைவாகத்தான் போகும். கிணற்றுக்குள் இறங்கும் கம்பியோ நேராக மேலும் கீழும் போக வேண்டும். கம்பியை நேரடியாக முனையில் இணைத்தால் ஒவ்வொரு அடிக்கும் அது பக்கவாட்டில் இழுபட்டுக் குழாயை உரசித் தேய்ந்துபோகும். அதனால் கைப்பிடியின் உள்முனையை வட்டத்தின் ஒரு துண்டைப்போல வளைத்து, அதன் மேல் சைக்கிள் செயினைப்போல ஒரு சங்கிலியைப் போட்டு, சங்கிலியின் நுனியில் கம்பியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வட்டத்தின் விளிம்பிலிருந்து இறங்கும் சங்கிலி எப்போதும் ஒரே கோட்டில்தான் இறங்கும். சங்கிலியால் இழுக்க மட்டும் முடியும், தள்ள முடியாது. கீழே இறங்குவதற்குக் கம்பியின் சொந்த எடை போதும்.

இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைக்க 1712-இல் நியூகோமன் கட்டிய நீராவி எஞ்சினிலும் இதே வளைவுதான், இதே சங்கிலிதான். பிறகு ஜேம்ஸ் வாட் இழுக்கவும் தள்ளவும் செய்கிற எஞ்சினைச் செய்தபோது சங்கிலி உதவவில்லை. தண்டுகளை மட்டும் கோத்து, வளைவாக ஆடும் கைகளுக்கு நடுவே ஒரு புள்ளி ஏறத்தாழ நேர்கோட்டில் போகும்படி ஓர் இணைப்பை 1784-இல் காப்புரிமை செய்தார். தம் கண்டுபிடிப்புகளில் அதைப் பற்றியே அதிகம் பெருமைப்படுவதாகவும் சொன்னார். நான்கு தண்டு, நான்கு மூட்டு; அசையாமல் நிற்கும் சட்டமும் ஒரு தண்டாகக் கணக்கு. ஒன்றை அசைத்தால் மற்றவை தமக்கு விதித்த பாதையில்தான் போக முடியும். தையல் மெஷினின் மிதிபலகை ஆடுவது சக்கரம் சுற்றுவதாக மாறுவதும் இந்த நான்கு தண்டின் வேலையே. டெய்லர் மிதிக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டுவது, தண்டும் அச்சும் ஒரே கோட்டில் நின்றுபோயிருந்தால் அந்தக் கோட்டிலிருந்து விலக்கிவிட.

நான்கு தண்டு இணைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கக் குறுவை நடவு நேரத்தில் வயலுக்குப் போக வேண்டும். அதற்கு முன் நடவுப் பெண்களின் முதுகைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதுவும் ஒரு நெம்புகோல்தான்.

உடம்பில் உள்ள நெம்புகோல்கள் பெரும்பாலும் விசையை இழந்து வேகத்தையும் எட்டும் தூரத்தையும் வாங்கியவை. முழங்கையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டரில் தசை ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி. கையில் ஐந்து கிலோ இருந்தால் தசை சுமார் நாற்பது கிலோ இழுக்கிறது. குனியும்போது இடுப்பு ஆதாரப்புள்ளி ஆகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு, தலையும் கையும் சேர்த்து, முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். அதன் நடுப்புள்ளி இடுப்பிலிருந்து ஓர் அடி முன்னால் விழுகிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசைகள் எலும்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன. ஆறு மடங்கு. கையில் நாற்று முடிகூட இல்லாமல், வெறுமனே குனிந்து நின்றாலே முதுகில் 180 கிலோ. காலையிலிருந்து மதியம்வரை சேற்றில் பின்னோக்கி நடந்துகொண்டே இந்தப் பாரத்தை அவர்கள் சுமக்கிறார்கள். வண்டியில் முன்பாரம் என்றால் மூட்டையை மாற்றி வைக்கலாம். இங்கே மாற்றி வைக்க எதுவும் இல்லை.

அவர்களுடைய விரல் செய்யும் வேலையைப் பாருங்கள். இடக்கையில் முடி, வலக்கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்தெடுக்கும், வேரோடு சேர்த்துச் சேற்றில் நேராக இறங்கும், நாற்றை விட்டுவிட்டு, அதைத் தொடாமல் வெளியே வரும். இறங்கும் பாதையும் ஏறும் பாதையும் ஒன்றாக இருந்தால் நட்ட நாற்றைக் கையே பிடுங்கிவிடும். நடவு இயந்திரத்தில் இந்த அசைவைச் செய்வது ஒரு சுழலும் அச்சும் ஓர் ஆடும் தண்டும் அவற்றை இணைக்கும் கையும்தான். அச்சு வட்டமாகச் சுற்றுகிறது, தண்டு வளைவாக ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கையின் நுனி வட்டமும் இல்லாத, கோடும் இல்லாத ஒரு நீண்ட கண்ணியை வரைகிறது. கண்ணியின் மேற்பகுதியில் பாய் நாற்றங்காலிலிருந்து ஒரு கிள்ளு எடுக்கிறது. ஏறத்தாழ நேராக இறங்கிச் சேற்றில் நுழைகிறது. அடியில் ஒரு சின்னத் தள்ளுகோல் நாற்றை வெளியே தள்ள, நகம் வேறு பாதையில் விலகி மேலேறிவிடுகிறது. வண்டி முன்னோக்கி நகர்வதையும் கணக்கில் சேர்த்தே தண்டுகளின் நீளத்தை முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு தண்டு சற்று நீண்டால்கூட நாற்று படுத்துவிடும். புதிய இயந்திரங்களில் தண்டுக்குப் பதில் மையம் விலகிய பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. நகம் வரைவது அதே கண்ணிதான்.

போன குறுவைக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்த இயந்திரம் ஓடியபோது வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தேன். எஞ்சினின் இரைச்சலுக்கு அடியில் நகங்கள் சேற்றில் இறங்கி ஏறும் சத்தம் தனியாகக் கேட்டது. இயந்திரம் திரும்புவதற்கு இடம் வேண்டும் என்பதால் வயலின் நான்கு மூலைகளும் வரப்போரமும் காலியாகவே கிடந்தன. அது அடுத்த வயலுக்கு இறங்கிய பிறகு நான்கு பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து, குனிந்து, விட்டுப்போன இடங்களில் நடத் தொடங்கினார்கள்.